சட்டம் படிப்பது யாருக்காக?

சென்ற வாரம் ஒரு தோட்டத்துக் கிராணியார் நமது சங்கக் காரியாலயத்துக்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகளாகச் செக்ரோல் எழுதிக் கை தேய்ந்தவர். அவருடைய மூத்த மகன் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக் கழகத்தில் சட்டம் படிக்கிறான். தோட்டமே பெருமைப்படுகிற செய்தி. ஆனால் வந்தவருடைய முகத்தில் பெருமையைக் காணோம், கவலைதான் தெரிந்தது.

"ஐயா, பையன் பாடத்தை ஒழுங்காகத்தான் படிக்கிறான். பரீட்சையிலும் தேறிவிடுகிறான். ஆனால் மாணவர் சங்கத்தில் சேர்ந்துகொண்டு விவாதம், கூட்டம், இலவசச் சட்ட உதவி என்று அலைகிறானாம். ஞாயிற்றுக்கிழமையானால் தேக்கா பக்கம் போய்விடுகிறான். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஜனங்களோடு உட்கார்ந்து அவர்களுடைய காகிதங்களை வாசித்துக்கொண்டிருக்கிறானாம். படிப்பு முடிந்து பெரிய கம்பெனியில் சேர்ந்து நாலு காசு பார்ப்பான் என்று நான் கடன் வாங்கினேன். அவனோ, 'அப்பா, நான் தொழிலாளர் வழக்குத்தான் நடத்தப் போகிறேன்' என்கிறான். நீங்கள் சங்கத்துக்காரர்கள். நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?"

அவருக்கு அந்த நேரத்தில் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினோம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு ஆறுதல் வார்த்தை பதில் ஆகாது. இது ஒரு வீட்டுக் கவலையும் அல்ல. லயத்திலும் கிராணி வீட்டிலும் பிறந்த பிள்ளைகள் பல்கலைக் கழக வாசலை மிதிக்கத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில், எத்தனையோ பெற்றோர் மனத்துக்குள் வைத்துப் புழுங்கும் கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

சட்டம் நமக்குப் புதிய சங்கதி அல்ல. நம்மைக் கட்டி வைத்ததே சட்டந்தான். நம் முன்னோர் கப்பலேறி வந்த நாளில், படிக்கத் தெரியாத ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். அந்தக் காகிதத்தின்படி வேலையை விட்டு ஓடியவனுக்குச் சிறை. கூலிக்காரன் ஒப்பந்தத்தை மீறினால் அது குற்றமாக இருந்தது. மலாயாவில் அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910-ம் ஆண்டில்தான் ஒழிந்தது. அந்தக் காகிதத்தை நமக்காக ஒரு முறை உரக்க வாசித்துக் காட்ட அன்று ஓர் ஆள் இல்லை. கைநாட்டு வைத்தவனுக்கும் எழுதியவனுக்கும் இடையே இருந்த அந்தத் தூரத்தில்தான் நம்முடைய இரண்டு தலைமுறைகள் வீணாய்ப் போயின.

அந்தத் தூரத்தைக் கடக்க நினைத்த தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. எஸ். ராஜரத்தினம் 1915-ம் ஆண்டு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். தகப்பனார் மலாயாவில் ரப்பர் தோட்டத்து உத்தியோகம் பார்த்தவர். சிரம்பானில் வளர்ந்து, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் படித்த அந்தப் பிள்ளையைச் சட்டம் படிக்கவென்று லண்டனுக்கு அனுப்பினார்கள். கிங்ஸ் காலேஜில் சேர்ந்தார். யுத்தம் வந்தது, வீட்டிலிருந்து வரும் பணம் நின்றது, பட்டம் கைக்கு வரவில்லை. ஆனால் லண்டனில் அவர் அரசியல் பேசுவோரோடு பழகினார், காலனி ஆதிக்கத்தை எதிர்த்தவர்களோடு சேர்ந்தார், எழுதக் கற்றார். பெற்றோர் கண்ணில் அன்று அது முறிந்துபோன படிப்பு. பிற்காலத்தில் அந்தப் பிள்ளைதான் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர்.

அவர் ஊர் திரும்பிப் பத்திரிகையாளராக இருந்தபோது நடந்த ஒரு சம்பவம் நம்மைப் போன்ற சங்கத்துக்காரர்களுக்கு முக்கியமானது. 1952-ல் சிங்கப்பூர்த் தபால்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்குச் சட்ட ஆலோசகராக நின்றவர் அப்போதுதான் இங்கிலாந்தில் படித்துத் திரும்பியிருந்த இளம் வக்கீல் லீ குவான் யூ. "சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்" பத்திரிகையில் தபால்காரர்களின் பக்கம் நின்று எழுதியவர் ராஜரத்தினம். ஒருவர் சட்டம் படித்து முடித்தவர், மற்றவர் படித்து முடிக்காதவர். இருவரும் சேர்ந்தபோது ஒரு சிறிய சங்கத்தின் குரல் நகரம் முழுவதும் கேட்டது. அவர்கள் இருவரும் பிறகு ஆட்சியில் அமர்ந்தார்கள். 1968-ல் அவர்களுடைய அரசாங்கம் கொண்டுவந்த தொழிற் சட்டங்கள் தொழிற் சங்கங்களின் கையைச் சுருக்கின. அப்போது தொழில் அமைச்சராக இருந்தவரும் ராஜரத்தினந்தான். இதையும் மறைக்காமல் சொல்வதே முறை. இளமையில் தொழிலாளியோடு நின்றவர் ஆட்சிக்கு வந்த பிறகும் அங்கேயே நிற்பார் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் 1952-ல் அவர்கள் நின்றது உண்மை. அதனால் தபால்காரர்களுக்குப் பலன் விளைந்ததும் உண்மை.

இனி கிராணியார் பயப்படும் விஷயத்துக்கே நேராக வருவோம். மாணவர் சங்கம்! அதில் ஆபத்து இல்லை என்று நாம் சொல்லப் போவதில்லை. 1953-ம் ஆண்டு, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் மாணவர்கள் ஒரு சோஷலிஸ்ட் கழகம் அமைத்தார்கள். "ஃபஜார்" என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள்; மலாய் மொழியில் விடியற்காலை என்று பொருள். 1954 மே மாதம் அதன் 7-வது இதழில், ஆசியாவில் வல்லரசுகளின் ஆக்கிரமிப்பைக் கண்டித்து ஒரு தலையங்கம் வந்தது. ஒரே ஒரு தலையங்கம். அதற்காக மே 28-ந் தேதி எட்டு மாணவர்கள் ராஜத் துரோகக் குற்றச்சாட்டின் பேரில் கைதானார்கள். அவர்களில் அருட்சோதி என்ற தமிழரும் ராஜகுமாரும் இருந்தார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, தாமஸ் வர்கி என்ற மலையாளிகளும் இருந்தார்கள். சீனர்களும் இருந்தார்கள். இனம் பார்த்துச் சேராத கூட்டம் அது.

அந்த எட்டு மாணவர்களில் ஒருவர்கூட அந்தப் பல்கலைக் கழகத்தில் சட்டம் படித்தவர் அல்ல. காரணம், அன்று அங்கே சட்டப் படிப்பே கிடையாது. சட்டம் படிக்க வேண்டுமானால் கப்பலேறி லண்டனுக்குத்தான் போக வேண்டும். வழக்காட டி.என். பிரிட் என்ற புகழ் பெற்ற பாரிஸ்டர் லண்டனிலிருந்து வந்தார். கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடியவர் அவர். அவருக்குத் துணையாக நின்றவர் தபால்காரர்களின் அதே வக்கீல். ஆகஸ்டு மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. எதிர்த் தரப்பு வாதத்தைக் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் எட்டுப் பேரும் விடுதலையானார்கள்.

விடுதலை என்றதும் கதை சுபமாக முடிந்தது என்று எண்ண வேண்டாம். 1963 பிப்ரவரியில் நடந்த கைதுகளில், அந்த எட்டுப் பேரில் ஒருவரான போ சூ காய் பிடிபட்டார், புதுச்சேரியும் பிடிபட்டார். இம்முறை வழக்கு இல்லை, விசாரணை இல்லை, வாதாட வந்த பாரிஸ்டரும் இல்லை. 1954-ல் அவர்களைக் காப்பாற்றியது நீதிமன்றம். 1963-ல் நீதிமன்ற வாசலுக்கே அவர்கள் கொண்டு போகப்படவில்லை. சட்டம் படிக்கும் பிள்ளை இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சட்டத்தின் பலம் என்ன என்பதை முதல் ஆண்டு சொல்லும். அது எங்கே நின்றுவிடுகிறது என்பதை இரண்டாவது ஆண்டு சொல்லும். இதைப் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்தவன் பரீட்சை எழுதுவான். பக்கத்தில் நின்று பார்த்தவன்தான் வக்கீலாவான்.

1957-ல் நிலைமை மாறியது. மலாயாப் பல்கலைக் கழகத்தின் சட்டத் துறையில் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். 1961-ல் முதல் அணி பட்டம் பெற்று வெளியே வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1963-ல், எஸ். ஜெயகுமார் என்ற தமிழர் அங்கே சட்டப் பட்டம் பெற்றார். அவரே பிறகு அதே சட்டத் துறையின் தலைவராக இருந்தார். ஐக்கிய நாட்டுச் சபையில் சிங்கப்பூரின் பிரதிநிதியாக இருந்தார். சட்ட அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்தார். லண்டனுக்குக் கப்பலேறாமல், புக்கிட் தீமாவிலிருந்தே ஒரு தமிழ்ப் பிள்ளை அவ்வளவு உயரம் போக முடிந்தது. ஒரு கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தப் பல்கலைக் கழகத்துக்கும் நமக்கும் இன்னொரு பந்தம் உண்டு. நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே 1950-களில் அங்கே இந்திய இயல் துறை அமைந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா என்ற கேள்வி எழுந்தது. "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். கடைக்காரர் கொடுத்தார், கிராணியார் கொடுத்தார், பால் வெட்டும் கையும் கொடுத்தது. அந்தப் பல்கலைக் கழகத்தின் படியைக்கூட மிதிக்காத மனிதர்கள், அங்கே ஒரு தமிழ்ப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பேரனோ பேத்தியோ அங்கே போவார்களா என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. ஆகவே பல்கலைக் கழகத்தில் படிக்கும் பிள்ளையிடம் நமக்கும் ஒரு கேள்வி கேட்க உரிமை இருக்கிறது: தம்பி, நீ படிக்கும் சட்டம் யாருக்காக?

இதற்குப் பதில் தேடித்தான் கிராணியாரின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குப் போகிறான் என்று நாம் எண்ணுகிறோம். அங்கே அவன் பார்ப்பது என்ன?

சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து, கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் பிள்ளைகள். நம் தாத்தாக்கள் வந்த அதே வழியில், ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள் பலர். கூலி குறைந்தாலும், விபத்தில் விரல் போனாலும், அவர்கள் கையில் இருப்பது சில காகிதங்களே. வழக்கு முடியும்வரை வேலையின்றிக் காத்திருப்பவர்களுக்குச் சோறு போடுவதற்கென்றே ஒரு தொண்டு அமைப்பு 2008-ல் அங்கே கஃப் ரோட்டில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது என்றால், நிலைமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2016 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் ஒவ்வொரு முதலாளியும் விவரமாகச் சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். 2017 ஏப்ரலில் கூலித் தகராறுகளை விசாரிக்கவென்றே ஒரு நடுவர் மன்றம் தொடங்கியது. முதலில் சமரசப் பேச்சு. அதில் தீராவிட்டால் அந்த மன்றம். தொடங்கியபோது 20,000 வெள்ளி வரை கேட்கலாம் என்றும், தொழிற் சங்கத்தின் துணையோடு சமரசத்துக்குப் போனவர் 30,000 வெள்ளி வரை கேட்கலாம் என்றும் வகுத்தார்கள். சங்கத்தில் சேர்ந்தவனுக்குப் பத்தாயிரம் வெள்ளி அதிகம்! சங்கத்தால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கட்டும்.

அந்த மன்றத்தில் வக்கீல் வைத்து வாதாட முடியாது. தொழிலாளியே தன் கதையைத் தானே சொல்ல வேண்டும். செலவு மிச்சம் என்ற வகையில் இது நல்லதுதான். ஆனால் பத்து ஆண்டு உழைத்தவனானாலும், எந்த மாதம் எத்தனை மணி நேரம் அதிக வேலை செய்தேன், எவ்வளவு குறைத்துக் கொடுத்தார்கள் என்று தேதியோடு சொல்லத் தெரியாவிட்டால் அவனுடைய நியாயம் அவன் தொண்டையிலேயே நின்றுவிடும். காலக்கெடுவும் உண்டு. வேலையில் இருப்பவன் ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். வேலையை விட்டவன் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். நாள் கடந்தால் நியாயம் இருந்தும் பயனில்லை.

இங்கேதான் தமிழ் தெரிந்த சட்ட மாணவனுக்கு வேலை இருக்கிறது. அவன் மன்றத்தில் ஏறி வாதாட வேண்டாம், ஏறவும் முடியாது. பழைய சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுக்கலாம். கைப்பேசியில் கிடக்கும் செய்திகளில் எது சாட்சி, எது வெறும் பேச்சு என்று பிரித்துக் காட்டலாம். ஆங்கிலத்தில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைத் தமிழில் வாசித்துக் காட்டலாம். நம் தாத்தாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு ஆள் இவன்தான்.

கிராணியாருக்கு இந்த வேலை புரியும். மழை நாளில் அரை நேரமா முழு நேரமா, எத்தனை ராத்தல் பால், யார் பெரட்டுக்கு வரவில்லை என்று செக்ரோலில் ஓர் எழுத்துத் தவறினால் ஒரு குடும்பத்துக்கு அந்த மாதம் அரிசி குறையும். தகராறு வந்தால் துரை கேட்பதும் செக்ரோலைத்தான், சங்கம் கேட்பதும் செக்ரோலைத்தான். மகன் செய்வதும் அதே தொழில். கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் நியாயம் சாயும் என்பதைத் தகப்பனார் முப்பது ஆண்டு அறிந்திருக்கிறார். அந்தக் கணக்கை உழைப்பவன் கையிலும் ஒரு பிரதி இருக்கும்படி செய்யத்தான் மகன் போகிறான்.

மகனுக்கும் நாம் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலாவது, பரீட்சை. அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. படிப்பைக் கோட்டைவிட்டுத் தொண்டு செய்கிறவன் தொழிலாளிக்கு நன்மை செய்யவில்லை. தேறாத மாணவன் எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது. நான்கு ஆண்டுப் படிப்பும், அதன் பிறகு பயிற்சியும், வழக்கறிஞர் பரீட்சையும் முடித்தால்தான் கறுப்பு அங்கி. 2024 முதல் சிங்கப்பூரில் பயிற்சிக் காலத்தையும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக நீட்டியிருக்கிறார்கள். நீண்ட பாதை இது. பாதி வழியில் உட்கார்ந்துவிடாதே.

இரண்டாவது, அடக்கம். நீ இன்னும் வக்கீல் அல்ல. தெரியாததைத் தெரிந்தது போல் ஒரு வார்த்தை சொன்னால், அதை நம்பி ஒருவன் ஆறு மாதக் கெடுவை இழந்துவிடக் கூடும். உனக்கு அது ஓர் அனுபவம்; அவனுக்கு அது பெண்ணின் கலியாணப் பணம். சந்தேகம் வந்தால் மூத்த வக்கீலிடம் கேள். "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

மூன்றாவது, பணம். நாலு காசு சம்பாதிப்பதை நாம் குற்றம் என்று சொல்ல மாட்டோம். கம்பெனி வழக்கு நடத்தி நன்றாக வாழ். அப்பாவின் கடனை அடை. தங்கையைப் படிக்க வை. ஆனால் ஏதோ ஒரு நாள் தோட்டத்து நிலத்தை விற்கும் கம்பெனியின் காகிதத்தை நீயே எழுத வேண்டி வரும். அப்போது, அந்த லயத்தில் குடியிருப்பவர்களின் பக்கத்தில் இருந்தும் ஒரு முறை அந்தக் காகிதத்தை வாசித்துப் பார். உன்னிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்.

இனி நம் கிளைச் சங்கங்களுக்கு. ஊர்வலத்திலும் மேடையிலும் பேசுவதோடு நம் கடமை தீரவில்லை. விடுமுறைக்கு வரும் சட்ட மாணவர்களை மாலை போட்டு வரவேற்றுவிட்டுச் சும்மா அனுப்பாதீர்கள். கோவில் மண்டபத்திலோ பாலர் பள்ளியிலோ ஒரு மாலை நேரம் உட்கார வையுங்கள். பால் வெட்டும் தாய்மார்களைச் சம்பளச் சீட்டோடு வரச் சொல்லுங்கள். சேமநிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று அந்தப் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். நிரையில் நமக்குப் பக்கத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தொழிலாளியும் இந்தோனேசியத் தொழிலாளியும் தங்கள் சீட்டோடு வந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். கிராணிமார்கள் பழைய செக்ரோல் விவரங்களைக் காப்பாற்றி வையுங்கள். இதற்கு ஒரு வெள்ளி செலவில்லை.

படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தகவல். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தின் சட்டப் பட்டத்தை மலேசியாவின் 1976-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. அங்கே படித்தவன் அங்கேயே தங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை; ஜொகூரிலோ நெகிரியிலோ வந்து வக்கீல் பலகை மாட்ட வழி இருக்கிறது. வருவதும் வராததும் பிள்ளையின் மனத்தைப் பொறுத்தது. அந்த மனம் எங்கே உருவாகிறது? பாதி வகுப்பறையில், பாதி, கிராணியார் கவலைப்படுகிறாரே, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்.

கிராணியார் அவர்களே! உங்கள் கேள்விக்கு இதுதான் எங்கள் பதில். உங்கள் பிள்ளை சங்கம் நடத்துகிறான் என்று வருந்த வேண்டாம். அவன் பரீட்சை எழுதுகிறானா என்று மட்டும் விசாரித்துக்கொண்டே இருங்கள். அது தகப்பனின் கடமை. அடுத்த விடுமுறைக்கு அவன் வரும்போது நமது காரியாலயத்துக்கு அழைத்து வாருங்கள். இங்கே மேஜையின் மேல் பிரிக்காத காகிதக் கட்டுகள் நிறையக் கிடக்கின்றன. வாசித்துக் காட்ட ஆள் வேண்டும்.